தொடச்சுப் பாத்தியா கண்ணு?

ஏன் கண்ணு, காலங்காத்தால மிஷினைச் சுத்தி இத்தனை கூட்டம்? லேத் ஹோம் போகலையாக்கும். அதுக்கு எதுக்கு ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? அலாரத்தைப் போட்டோ எடுத்தாச்சு. வாட்சப் குரூப்புல போட்டாச்சு. ஓசூர்ல இருந்து ஒருத்தன் ‘மதர்போர்டு போயிருக்கும் ப்ரோ’ங்கறான். இன்னொருத்தன் ‘என்கோடரை மாத்துங்க’ங்கறான். மூணாவது ஒருத்தன் கும்புடற பொம்மை போட்டிருக்கான். அது எதுக்குன்னு அவனுக்கே தெரியாது.

ஆமா, இத்தனை பேருல ஒருத்தனாச்சும் குனிஞ்சு பாத்தீங்களா?

மாட்டீங்க. குனிஞ்சா சட்டையில கூலண்ட் படும். போட்டோ எடுத்தா கை சுத்தமா இருக்கும். கை சுத்தமா இருந்தா எஞ்சினீயரு, கை கறுத்தா ஹெல்ப்பருன்னு யாரோ உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. இந்தக் கோயமுத்தூருல பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் 1937ல மோட்டார் செஞ்சாங்களே, அவங்க எந்தக் குரூப்புல கேட்டுச் செஞ்சாங்க? கையில கிரீஸ் படாமயா அந்த மோட்டார் சுத்துச்சு?

வா, இப்படி உக்காரு. போனைப் பையில போடு. கெழவன் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. நீ கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. ஹோமுன்னா என்ன? ‘ரெஃபரன்ஸ் ரிட்டர்னுங்க’ங்காத. அது பேரு. பேரு தெரிஞ்சவனெல்லாம் ஆளைத் தெரிஞ்சவனா?

உன்ற மிஷினு பழசு. அதுல இருக்கற என்கோடர் இன்கிரிமெண்டல். எத்தனை தூரம் நகந்தோம்னு அதுக்கு எண்ணத் தெரியும். எங்க நிக்கறோம்னு தெரியாது. கரண்டை நிறுத்துனா எண்ணி வெச்ச கணக்கெல்லாம் போச்சு. காத்தால ஆன் பண்றப்ப டரட் சக்குக்குப் பக்கத்துல நிக்குதா, டெயில்ஸ்டாக் பக்கம் நிக்குதா, அதுக்கு ஒண்ணும் வெளங்காது. அதனால ஒரு தடவை தெரிஞ்ச எடத்துக்குப் போயித் தொட்டுட்டு வரோணும். அதுக்கப்பறந்தான் உன்ற புரோகிராம், ஆஃப்செட் எல்லாத்துக்கும் மரியாதை.

அது எப்படிப் போகுதுன்னு பாத்திருக்கயா? பட்டனை அமுக்குனதும் ஆக்சிஸ் வெசயா ஓடும். வழியில டாக்குன்னு ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது லிமிட் ஸ்விட்ச்சோட பிளஞ்சரை அமுக்கும். அமுங்குனதும் கண்ட்ரோல் வேகத்தைக் குறைக்கும். ஊந்து ஊந்து டாக்கைத் தாண்டும். தாண்டுனதும் ஸ்விட்ச் விட்டுரும். அப்பவும் நிக்காது. மோட்டாருக்குப் பொறத்தால இருக்கற என்கோடர் சுத்துக்கு ஒருக்கா ஒரு பல்ஸ் குடுக்கும். அந்த மார்க்கர் பல்ஸ் எங்க வருதோ அங்கதான் நிக்கும்.

இப்பச் சொல்லு. நிக்கற எடத்தை முடிவு பண்ணுனது ஸ்விட்ச்சா? இல்ல சாமி. மார்க்கர். டவுன் பஸ்ஸுல கண்டக்டர் ‘அடுத்தது ஹோப்ஸ் காலேஜ், எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க’ன்னு கத்தறாருல்ல, ஸ்விட்ச்சோட சோலி அவ்வளவுதான். பஸ்ஸு நிக்கறது கம்பம் நட்ட எடத்துல. கண்டக்டர் தூங்கிட்டா ஸ்டாப்பைத் தாண்டிப் போயிரும். ஒரு ஸ்டாப் முந்தியே கத்திட்டா எறங்கி நடக்கோணும். இதை மட்டும் மனசுல வெச்சுக்க. முக்காவாசிக் கோளாறு இதுலயே வெளங்கீரும்.

‘பழைய மிஷினுங்கய்யா, தள்ளிவிட்டுட்டுப் புதுசு வாங்கிரலாம்’ங்கற. பழசுன்னா எத்தனை பழசு? ஃபானக் 0 சீரிஸ் கண்ட்ரோல் வந்தது 1985ல. நம்மூரு எல்.எம்.டபிள்யூ. மிஷின் டூல் பிரிவை ஆரம்பிச்சது 1988ல. உன்ற அப்பனுக்கு மீசை மொளைச்ச காலத்துச் சாமானமெல்லாம் இன்னைக்கும் பம்ப்பு ஷாஃப்ட்டைக் கடைஞ்சு போட்டுக்கிட்டு இருக்குது. நீ ரெண்டு வருசத்துக்கு ஒரு போன் மாத்தற. அப்பறம் யாரு பழசாப் போனது? புது மிஷினுக்கு மாசாமாசம் தவணை கட்டறது யாரு, உன்ற வாட்சப் குரூப்பா? புது மிஷினுலயும் ஒயரு உண்டு. அதைக் கடிக்க எலியும் உண்டு.

சரி, சோலிக்கு வருவோம்.

மிஷினு பேசாதுன்னு யாரு சொன்னா? அது போற போக்குலயே சொல்லும். பாக்கறதுக்குத்தான் ஆளில்ல. எல்லாரும் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தா ஆக்சிஸை யாரு பாக்கறது?

வெசயா ஓடி, வேகத்தைக் குறைக்காமயே கடைசி வரைக்கும் போயி ஓவர் டிராவல் அலாரம் போடுதா? அப்ப ஸ்விட்ச் அமுங்குன சேதியே கண்ட்ரோலுக்குப் போய்ச் சேரலை. டாக்கோட ஸ்க்ரூ லூசாகித் தள்ளிப் போயிருக்கும். இல்லாட்டி பிளஞ்சர் தேஞ்சு டாக்குக்கு எட்டாம இருக்கும். இல்லாட்டி உள்ளாற காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒயர் ரெண்டும் எங்கயாச்சும் தோலு உரிஞ்சு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டும் இருக்கலாம்.

பொறப்படறப்பவே ஊந்துக்கிட்டுப் போகுதா? போயிப் போயி அதுவும் ஓவர் டிராவல்லதான் முடியுதா? அப்ப ஸ்விட்ச் அமுங்கியே இருக்குதுன்னு கண்ட்ரோல் நெனச்சுக்கிட்டு இருக்குது. பிளஞ்சர் உள்ள போனது வெளிய வரலை. இல்லாட்டி ஒயர் அறுந்து போச்சு.

‘ஒயர் அறுந்தா அமுங்குன மாதிரி ஏனுங்க தெரியோணும்’னு கேளு. கேக்க மாட்ட. கேட்டா தெரியாதுன்னு தெரிஞ்சு போயிருமே! நானே சொல்றேன். இந்த ஸ்விட்ச்சுல பெரும்பாலும் தொடாம இருக்கறப்பத்தான் கரண்டு போய்க்கிட்டு இருக்கும். டாக் அமுக்குனா கரண்டு நின்னு போகும். ஏன் இப்படித் தலைகீழா வெச்சான்? ஒயர் அறுந்தாலும் கரண்டு நின்னுதான போகும். அறுந்த ஒயரோட மிஷினு வெசயா ஓடிப் போயி முட்டறதுக்கு, மெல்லமா ஊந்து போயி நிக்கறது தேவலையா இல்லையா? அதை யோசிச்சவன் காலேசுல என்ன மார்க்கு வாங்குனான்னு எனக்குத் தெரியாது. ஆனா உலகம் தெரிஞ்சவன். ஒயர் ஒரு நாளைக்கு அறுந்தே தீரும்னு மொதல்லயே ஒத்துக்கிட்டான் பாரு.

மூணாவது, அலாரம் 90. ஃபானக்குல இது வந்தா எல்லாரும் மூஞ்சி வெளிறிப் போயிடறீங்க. ஹோமுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்து பொறப்பட்டுட்ட, இல்லாட்டி வேகம் பத்தலைன்னு அது சொல்லுது. அவ்வளவுதான். நேத்துப் பொழுதோட ஷிப்ட் முடிஞ்சதும் ஆபரேட்டர் மகராசன் ஆக்சிஸை ஹோமுலயே கொண்டு போயி நிறுத்திட்டு ஆஃப் பண்ணிட்டு ஊட்டுக்குப் போயிட்டான். காத்தால அங்கயே நின்னுக்கிட்டு ‘ஹோம் போ, ஹோம் போ’ன்னா அது எங்க போகும்? ஹேண்ட்வீலைப் புடிச்சு நடுவாக்குல கொண்டாந்து விட்டுட்டு, ரேபிட் ஓவர்ரைடு ரொம்பக் கம்மியா இருக்குதான்னும் பாத்துட்டு, மறுபடி போகச் சொல்லு. போகும். இதுக்குப் போயி சென்னையில இருந்து ஆளைக் கூப்புட்டு, வந்தவனுக்கு ரூமு போட்டு, பிரியாணி வாங்கிக் குடுத்த மொதலாளிமாரு இந்த ஊருல உண்டு. அந்த ஆளும் ஹேண்ட்வீலைத்தான் சுத்துனான். சுத்தறதுக்கு முந்தி லேப்டாப்பைத் தொறந்து வெச்சான் பாரு, அந்தத் தொறப்புக்குத்தான் பில்லு.

நாலாவதுதான் பொல்லாதது. அதைக் கடைசியில சொல்றேன்.

இப்ப ஸ்விட்ச்சைப் பாக்கலாம். அவசரப்பட்டு ஸ்பானரைத் தூக்காத. பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பையில எலக்ட்ரிக்கல் டிராயிங் இருக்கும். மஞ்சக் காயிதம், ஓரமெல்லாம் கரப்பான் அரிச்சிருக்கும். அதை எடுத்துப் பாத்தா ஸ்விட்ச் எந்த இன்புட்டுக்குப் போகுதுன்னு தெரியும். ஃபானக் 0ஐ கண்ட்ரோலா இருந்தா பொதுவா எக்ஸ் ஆக்சிஸுக்கு எக்ஸ் 9.0, இசட்டுக்கு எக்ஸ் 9.1. பிஎம்சி டயக்னோஸ்டிக் பக்கத்துக்குப் போனா அந்த எடத்துல 1 இல்லாட்டி 0 தெரியும். வேற கண்ட்ரோல்னா நம்பர் மாறும். எல்லா மிஷினும் ஒரு தாய் வயித்துப் புள்ளையில்ல. டிராயிங்தான் கணக்கு.

எமர்ஜென்சியை அமுக்கி வெச்சுக்க. பெட் சாஞ்ச மிஷினா இருந்தா எக்ஸ் ஆக்சிஸ் சறுக்கி எறங்காம பிரேக்கு புடிச்சிருக்குதான்னு பாரு. சந்தேகமிருந்தா அடியில கட்டை குடு. கவரைக் கழட்டு. ஒரு மரக் குச்சியில பிளஞ்சரை அமுக்கு. வெரலை வெக்காத, வெரலுக்கு ஸ்பேர் கெடைக்காது. ஒருத்தன் அமுக்கோணும், ஒருத்தன் ஸ்கிரீனைப் பாக்கோணும். அமுக்குனா 0, விட்டா 1. டக்கு டக்குனு மாறுதா? ஸ்விட்ச்சும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. அப்பக் கோளாறு டாக்குல. மாறவே இல்லையா? ஸ்விட்ச், இல்லாட்டி ஒயர். பத்துத் தடவையில ரெண்டு தடவை மாத்திரம் மாறாம முழிக்குதா? அதுதான் உன்னை நடுராத்திரி ஷிப்டுல அழ வெக்கறது.

பாத்தியா? அஞ்சு நிமிசம். ஒரு குச்சி. போர்டு நல்லாருக்குதான்னு கூடத் தெரிஞ்சு போச்சு. ஒன்னும் சுழியும் ஒழுங்கா மாறுனா அந்தப் போர்டு மேல எதுக்குப் பழி போடறது?

அடுத்தது தொடைக்கறது. ஆயுத பூசைக்கு மிஷினுக்கு என்னென்ன பண்ணுன? பெயிண்ட் அடிச்ச, சந்தனம் வெச்ச, குங்குமம் வெச்ச, வாழக்கன்னு கட்டுன, ஸ்கிரீனுக்கு மேல கூட ஒரு பொட்டு வெச்ச. பூசணிக்காயைப் போட்டு ஒடச்சு ஷெட்டு பூராவும் வழுக்க விட்ட. கவருக்கு அடியில எட்டிப் பாத்தியா? அங்க போன வருசத்துச் சிப்பும் அதுக்கு முந்தின வருசத்துக் கூலண்டும் சேந்து பாறையா இறுகிக் கெடக்குது. சாமிக்கு மொகத்தைக் காட்டுன, ஸ்விட்ச்சுக்கு முதுகைக் காட்டுன. அது கோவிச்சுக்காம என்ன பண்ணும்?

திருப்பூரு பனியன் வேஸ்ட் கெடக்குதுல்ல, அதுல ஒரு துண்டை எடு. பிளஞ்சரைச் சுத்திப் புடிச்சிருக்கற பிசினைத் தொடை. டாக் மேல ஒட்டியிருக்கற சிப்பை எடு. பிளஞ்சரை அமுக்கி விட்டுப் பாரு. ஸ்பிரிங் தானாத் தள்ளி வெளிய வரோணும். நோவு புடிச்சு மெல்ல மெல்ல வந்தா சீல் ஊறிப் போச்சு, ஸ்பிரிங் சோந்து போச்சுன்னு அர்த்தம். மூணு பிளஞ்சர் ஒண்ணா வரிசையா இருக்கற ஸ்விட்ச்சா இருந்தா எது ஹோமுக்கு, எது ஓவர் டிராவலுக்குன்னு மொதல்ல அடையாளம் பண்ணிக்க.

ஏர் கன்னை எடுத்துப் புசுபுசுன்னு அடிக்கறயே, அதை மாத்திரம் பண்ணாத. கண்ணுக்குச் சுத்தமாத் தெரியும். ஆனா இரும்புத் தூளும் தண்ணியும் சீலுக்கு உள்ள ஏறி உக்காந்துக்கும். இன்னைக்கு ஓடும். நாலு நாள் கழிச்சு நிக்கும். அப்ப ‘நேத்துத்தானுங்க கிளீன் பண்ணுனேன்’னு வந்து நிப்ப. உள்ள ஏத்தி விட்டதும் ஒரு கிளீனிங்காடா?

தொடச்சும் சரியாகலையா? மல்டிமீட்டரை எடு. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்விட்ச் ஒயரைப் பேனல்ல கழட்டி ஓம்ஸ்ல வெச்சுப் பாரு. மூடுன காண்டாக்ட் ஒண்ணு ரெண்டு ஓம்முக்குள்ள அசையாம நிக்கோணும். அமுக்கி அமுக்கி விடு. ஒருக்கா ரெண்டு, ஒருக்கா நாப்பது, ஒருக்கா முந்நூறுன்னு ஏறி எறங்குனா உள்ளாற கறுத்துப் போச்சு. உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கலாமான்னு கேப்ப. தேய்ச்சா முலாம் போயிரும். ரெண்டு வாரம் ஓடிட்டு முன்னைக்கும் மோசமா நிக்கும். புது ஸ்விட்ச்சைப் போடு. பழசு என்ன மாதிரியோ அதே மாதிரி, அதே காண்டாக்ட், அதே நீளத்துப் பிளஞ்சர், தண்ணி பூராத ஐபி67. ‘கெடைக்கறது இதுதானுங்க’ன்னு கதவு பெல்லு ஸ்விட்ச்சைக் கொண்டாந்து ஒயரைச் சுத்தி ஒட்டுன கெட்டிக்காரனையும் இந்த ஊரு பாத்திருக்குது. அவன் கெட்டிக்காரத்தனம் மொத மழைக்குத் தாங்குச்சு, மொதக் கூலண்டுக்குத் தாங்கலை.

ஸ்விட்ச்சை நேராத் தொட்டு அளந்தா நல்லாருக்குது, பேனல்ல அளந்தா ஆடுதுன்னா ஒயரு. ஒயரு எங்க அறுகும்? கண்ணுக்குத் தெரியற எடத்துல அறுகுமா? ஆக்சிஸோட போயிப் போயி வர்ற எடத்துல, மடங்குற வளைவுல, மேல்தோலு நல்லாருக்கறப்பவே உள்ளாற செம்பு அறுந்திருக்கும். அது ஒரு பக்கம் போனாச் சேரும், மறுபக்கம் வந்தாப் பிரியும். ஒருத்தன் மீட்டரைப் பாக்கட்டும். நீ ஒயரை அடிமுதல் நுனி வரைக்கும் அசைச்சு அசைச்சு வா. எந்த எடத்துல முள்ளு துள்ளுதோ அங்கதான் சீக்கு. கிளாண்டைக் கழட்டு. உள்ள இருந்து கூலண்ட் சொட்டுச்சுன்னா ஏன் கேள்வி? பச்சை புடிச்ச டெர்மினலு இருந்தா வெட்டிப் புதுசாப் போடு. பேனல் அடியில ஒயர் வர்ற ஓட்டையை அடைச்சிருக்கயா? இல்லாட்டி எலி வரும். எலிக்கு ஹோம் ஸ்விட்ச்சுன்னும் தெரியாது, ஈ.எம்.ஐ.ன்னும் தெரியாது.

இப்ப அந்த நாலாவது. ஹோம் போகுது. பச்சை லைட்டு எரியுது. அலாரம் இல்ல. ஜாப்பைப் போட்டா அளவு ஒரேயடியாத் தள்ளிப் போகுது. இல்லாட்டி டூல் நேரா சக்கு ஜாவுக்குப் போகுது. இதுதான் பொல்லாதது. கத்திக்கிட்டு நிக்கற மிஷினு ஆளைக் கொல்லாது. சிரிச்சுக்கிட்டே பொய் சொல்றதுதான் கொல்லும்.

அப்ப என்ன செய்யோணும்? எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு அளந்து பாரு. அந்த ஒரு நம்பர் போதும். பால் ஸ்க்ரூ பிட்ச் 10 மில்லி, மோட்டாரு நேரா ஸ்க்ரூல மாட்டியிருக்குதுன்னு வெச்சுக்க. சுத்துக்கு ஒரு மார்க்கர். ஆக, மார்க்கருக்கு மார்க்கர் 10 மில்லி. தள்ளிப் போனது சரியா 10 மில்லியா? அப்ப பக்கத்து மார்க்கர்ல போயி நின்னிருக்குது. எக்ஸ்ல பிட்ச் 6 மில்லின்னா டயாவுல 12 மில்லி காட்டும். இது ஏன் வருது? டாக்கைத் தாண்டி ஸ்விட்ச் விடற எடமும் மார்க்கர் வர்ற எடமும் ரொம்ப நெருக்கமா அமைஞ்சு போச்சு. ஸ்விட்ச் இன்னைக்கு மயிரெழை முந்தி விட்டா இந்த மார்க்கர். நாளைக்கு மயிரெழை பிந்தி விட்டா அடுத்த மார்க்கர். ஸ்விட்ச் தேய்மானத்துல, டாக் தேய்மானத்துல அந்த மயிரெழை மாறத்தான செய்யும்?

வைத்தியம் என்ன? ஸ்விட்ச் விடற எடம் மார்க்கருக்கு அரைச் சுத்து தள்ளி இருக்கோணும். 10 மில்லி பிட்ச்சுக்கு 5 மில்லி. முந்துனாலும் பிந்துனாலும் ஒரே மார்க்கர்தான் வரும். 0ஐ கண்ட்ரோல்ல டயக்னோஸ்டிக் 302ல டாக்கை விட்டதுல இருந்து மார்க்கர் வரைக்கும் எவ்வளவு தூரம்னு அதே காட்டும். டாக்கைக் கழட்டறதுக்கு முந்தி சுத்தியும் ஒரு கோடு கீறி வெச்சுக்க. கொஞ்சமா நகத்து. இறுக்கு. பல தடவை ஹோம் அனுப்பிப் பாரு. அதுக்கப்பறம் மொத ஜாப்பை ரேபிட்டைக் கொறச்சு வெச்சு, சிங்கிள் பிளாக்குல, கையை ஃபீட் ஹோல்டு மேல வெச்சுக்கிட்டு ஓட்டு. ஹோம் மாறியிருந்தா டூல் ஆஃப்செட்டெல்லாம் பழைய கணக்குதான? அது உனக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியாது.

இதுக்கு நம்மாளு என்ன பண்ணுவான் தெரியுமா? டாக்கு இருக்கற பக்கமே போக மாட்டான். யூடியூபைப் பாத்துட்டு 1850ஆவது பேராமீட்டர்ல கிரிட் ஷிஃப்டை மாத்துவான். பழைய நம்பரை எழுதியும் வெக்க மாட்டான். டாக்கு லூசாவே இருக்கும். நாளைக்கு அது மறுபடி நகரும். இவன் மறுபடி நம்பரை மாத்துவான். ஆறு மாசத்துல அந்த மிஷினுக்கு ஹோம் எங்கன்னு அதைச் செஞ்சவன் வந்தாலும் சொல்ல முடியாது. ஆலன் கீயில தீர்ற சோலிக்குப் பேராமீட்டரைத் தொடாத கண்ணு.

தள்ளிப் போனது பிட்ச்சுக்கணக்குல வரலை, இன்னைக்கு 0.15, நாளைக்கு 0.4ன்னு வாய்க்கு வந்தபடி வருதா? அப்ப ஸ்விட்ச்சை விட்டுரு. பாவம், அது மேல தப்பில்ல. கப்ளிங் ஸ்க்ரூ லூசா, பெல்ட்டு தளந்துருச்சா, என்கோடர் மாட்டுன எடம் ஆடுதான்னு பாரு. காத்தால ஒரு அளவு, மத்தியானம் பத்திருவது மைக்ரான் வித்தியாசம்னா அது மிஷினு சூடேறுற கணக்கு. அதுக்கும் ஸ்விட்ச்சைக் கழட்டறவன் உண்டு. சொல்லிப் பாத்தாச்சு.

இன்னொண்ணு. பக்கத்துக் கம்பெனியில ‘எங்க மிஷினுல ஹோம் ஸ்விட்ச்சே இல்லைங்க’ம்பான். உண்டு, அப்படியும் உண்டு. ஆப்சொல்யூட் என்கோடர் வெச்சது. அதுக்குப் பேட்டரிதான் ஞாபகம். பேட்டரி அலாரம் வந்தா, எமர்ஜென்சியை அமுக்கிட்டு, மிஷினு ஆன்ல இருக்கறப்பவே மாத்தோணும். ஆஃப் பண்ணிக் கழட்டுனா ஹோமும் அதோட போச்சு. அவன் கதையைக் கேட்டுட்டு வந்து உன்ற மிஷினுல பேட்டரியைத் தேடிக்கிட்டு இருக்காத.

இத்தனையும் விட்டுட்டு குறுக்கு வழி ஒண்ணு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியாது. ஸ்விட்ச் ஒயர் ரெண்டையும் முறுக்கி டேப் சுத்தி உள்ள தள்ளிட்டு ‘ஓடுதுங்க’ம்ப. ஹோம் ஸ்விட்ச்சை முறுக்குனா வேகம் கொறையாமப் போயி ஓவர் டிராவல்ல நிக்கும். அப்ப அதையும் முறுக்குவ. அதுக்கப்பறம் நிறுத்தறதுக்கு யாரு இருக்கா? டரட்டும் பால் ஸ்க்ரூவும்தான் குறுக்க நிக்கோணும். ஸ்விட்ச்சு வெலை எங்க, பால் ஸ்க்ரூ வெலை எங்க? கணக்குத் தெரியாதவனா நீ? சம்பளம் பத்தலைன்னு மொதலாளிகிட்ட கணக்குப் போட்டுப் பேசறயே, அப்ப நல்லா வருதல்ல?

அங்க பாரு, செவுத்துல டிவி மாட்டியிருக்காரு உங்க மொதலாளி. இண்டஸ்ட்ரி 4.0வாம். எந்த மிஷினு ஓடுது, எது நிக்குதுன்னு பச்சையும் செவப்புமாக் காட்டுது. நல்லதுதான். நின்னு போச்சுன்னு சொல்லுது. ஏன் நின்னுச்சுன்னு சொல்லுதா? அதுக்கு ஒருத்தன் குனியோணும். குனியறதுக்கு இன்னும் ஆப்பு வரலை. வந்தா மொதல்ல நீதான் டவுன்லோடு பண்ணுவ.

சரி, எந்திரி. வேஸ்ட்டை எடு, குச்சியை எடு. எல்லாம் முடிஞ்சதும் பேனல் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவுல எழுதி வை. எந்த இன்புட்டு, 302ல என்ன நம்பர், ஸ்விட்ச் என்னைக்கு மாத்துனது. ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி அதே பேனல்ல கட்டித் தொங்க விடு. எலுமிச்சம்பழம் தொங்குதுல்ல, அதுக்குப் பக்கத்துலயே தொங்கட்டும். எது காப்பாத்துச்சுன்னு அப்பறம் பேசிக்கலாம்.

ஆனா ஒண்ணு கண்ணு. மொதலாளி வந்து ‘என்னப்பா கோளாறு’ன்னு கேட்டா, துணியில தொடச்சேன்னு சொல்லித் தொலைக்காத. ‘இதுக்கா ரெண்டு மணி நேரம்’பாரு. ‘டெசலரேஷன் சிக்னல்ல பிரச்சினைங்க, ரெஃபரன்ஸை ரெஸ்டோர் பண்ணி வெச்சிருக்கேனுங்க’ன்னு மூஞ்சியை இறுக்கமா வெச்சுக்கிட்டுச் சொல்லு. ஒண்ணும் புரியாது, ‘ம்’ம்பாரு. தீவாளி நோம்பிக்கு போனஸ் ரெண்டாயிரம் சேந்து வரும். அதுல கெழவனுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் குடு, போதும்.